பூட்டிய பெயர்கள்

பேணாட் பார்லோ சட்டை மாற்றிக்கொண்டுதான் மடிக்கணினிக்கு முன்னால் உட்காருவார். நாள் முழுக்கச் சாரமும் பெனியனுமாகத் திரிகிற மனிதர், பின்னேரம் நாலு மணியானால் முகம் கழுவி, பவுடர் போட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற வெள்ளை நீளக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வருவார். மகள் நிலுஷா கொழும்புக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன மடிக்கணினி அங்கே இருந்தது. இரண்டு கிழமையாகக் கிறிஸ்டின் இதைக் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இந்த அலங்காரம் என்று ஒருநாள் கேட்டதற்கு, முன்னோரைப் பார்க்கப் போகிறவன் கசங்கின உடுப்போடா போவது என்றார். அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், அறுபத்தைந்து வயதில், தன் பரம்பரை என்று சொல்லிக்கொள்கிற, கண்ணுக்குத் தெரியாத வெள்ளைக்காரருக்காகப் பவுடர் போடுகிறார்.

இதைத் தொடக்கிவைத்தவர் மெல்பேர்னில் இருக்கும் அவருடைய தமையன் டெரன்ஸ். தாய் படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் ஒரு தொலைபேசி அழைப்புக்கு நேரம் கிடைக்காத டெரன்ஸ், இப்போது தாயின் தாய்க்குக் கல்யாணத்துக்கு முன் என்ன குடும்பப் பெயர் என்று கேட்டுக் கிழமைக்கு மூன்று தரம் செய்தி அனுப்பினார். குடும்ப வரலாறு தேடித்தரும் ஓர் இணையத்தளத்தில் அவர் சேர்ந்திருந்தார். அதில் பெயர்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கோடு கீறிவிட்டு அதை மரம் என்றார்கள். டெரன்ஸின் மரம் நாலாவது பெட்டியில் கடலைத் தாண்டி, பத்தாவது பெட்டியில் இங்கிலாந்தில் ஒரு கப்பல் தச்சனிடம் போய் நின்றது. நடுவில் இருக்கிறவர்களை எங்கே பிடித்தார் என்று கிறிஸ்டின் கேட்டாள். வேறு பார்லோக்களின் மரங்களில் இருந்து எடுத்து ஒட்டியதாம். ஒட்டுமாங்கன்று விற்கிறவன்கூட இரண்டும் மாவா என்று பார்த்துத்தான் ஒட்டுவான் என்று அவள் நினைத்தாள்.

டெரன்ஸின் அழைப்பில் பேணாட்டுக்குப் பதினான்கு நாள் இலவசம் கிடைத்தது. அந்த இலவசத்தில் தேடுகிற ஆளின் பெயர், ஊர், வருடம், தொழில் மட்டும் காட்டுவார்கள். அதற்கு மேல் அழுத்தினால் சின்னப் பூட்டு ஒன்று வரும். பூட்டைத் திறக்க வருடச் சந்தா கட்டவேண்டும். அது அவளுடைய ஒரு மாத ஓய்வூதியத்தில் முக்கால்வாசி. வீட்டில் வங்கி அட்டை வைத்திருப்பவள் அவள்தான். பேணாட் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் நம்பாமலே இவ்வளவு காலத்தை ஓட்டிவிட்டவர். இன்றைக்குப் பதினான்காவது நாள்.

கிறிஸ்டின் முப்பத்தெட்டு வருடம் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் வைத்திருக்கும் அறையில் கிளாக்கராக இருந்தவள். சண்டைக் காலத்தில் பயணப் பாஸ் எடுக்கவும், சுனாமிக்குப் பிறகு நிவாரணம் எடுக்கவும், மூதூரிலிருந்து விடியவே வள்ளம் ஏறி வந்து ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக வாங்கில் குந்தியிருந்த சனத்தை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் அவர்கள் உயிரோடு இருப்பதையே ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவர்களுக்காக அவள் பூச்சி அரித்த தாள்களை மூக்கில் துணி கட்டிக்கொண்டு புரட்டினாள். சில நாள் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டாள். அந்த மனிதர்களுக்குப் பெயர் தேவைப்பட்டது. டெரன்ஸ் மாதிரி ஆட்களுக்கு என்ன தேவை? விருந்துக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு கப்பல் தச்சன். பதிவேடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்கள் அதை இப்படிக் கும்பிடமாட்டார்கள். வந்தவர் சொன்னதை இருந்தவர் எழுதினார். அவ்வளவுதான். வந்தவர் சாராய வெறியில் வந்திருக்கலாம், வெட்கத்தில் வந்திருக்கலாம், மாமியாருக்குப் பயந்து வந்திருக்கலாம்.

அவளிடம் இன்னொன்றும் இருந்தது. கல்யாணம் முடித்து மூன்றாவது வருடம், ஒரு மழைக்காலத்தில், வேலை குறைந்த மத்தியானம் ஒன்றில் 1903ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்து அவள் பேணாட்டின் அப்பப்பாவைத் தேடினாள். தேடியதற்குக் காரணம் மாமியார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கறுப்பென்றாலும் கவுண்மேந்து உத்தியோகம்தானே என்று கிறிஸ்டினின் தாய்க்குக் கேட்கக்கூடியதாகச் சொன்ன மனுசி. சாம்பல்தீவில் மீன்பிடிச் சனத்துக்குள் பிறந்து, கன்னியர் மடத்துக் குசினியில் சமைத்துப் பிள்ளை வளர்த்த அந்தத் தாய், அந்த வார்த்தையையும் மனுசி குடித்துமுடித்த தேத்தண்ணிக் கோப்பையையும் ஒன்றாகத்தான் கையில் வாங்கினாள். பதிவேட்டில் அப்பப்பாவின் பெயர் வெறும் யோசப் என்று இருந்தது. தாய் சிசிலியா, டொக்யாட் என்ற கப்பல் பட்டறையின் வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாவில் உடுப்புத் தோய்க்கிறவள். தகப்பன் பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடு. பார்லோ என்ற பெயர் இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு, அவர் கல்யாணம் முடித்தபோதுதான் முதன்முதலாக வருகிறது. கிறிஸ்டின் பதிவேட்டை மூடி இருந்த இடத்தில் வைத்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாமியார் எதைச் சொன்னாலும், நாக்குக்கு அடியில் கற்கண்டு வைத்திருப்பவள் மாதிரி அவளால் பேசாமல் இருக்க முடிந்தது. மனுசி செத்த பிறகும் அந்தக் கற்கண்டு கரையவில்லை. இந்த இரண்டு கிழமையும், வெள்ளைச் சட்டைக்குள் பேணாட்டைப் பார்க்கிற ஒவ்வொரு பின்னேரமும், அது இனித்துக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அவர் அட்டையைக் கேட்டபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடும் என்றும், ஒரே ஒரு வருடத்துக்குத்தான் என்றும், பிடிக்காவிட்டால் நிறுத்தலாம் என்றும் அவர் சொன்னார். செத்த ஆட்களைப் பார்க்க டிக்கெட் எடுக்கிறவர்களைத் தான் இப்போதுதான் காண்கிறேன் என்றாள் அவள். வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே போய், ஓர்ஸ் ஹில் சரிவில் இறங்கி, உள்துறைமுகத்துக் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். இன்றைக்குப் போகவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நான் ஒரு வேலை செய்துபோட்டன், கிறிஸ்டின். கோவிக்கவேண்டாம்."

தன்னுடைய தேடல் நகரவில்லை என்பதால், சும்மா இருந்த நேரத்தில் அவளுடைய தகப்பனின் பெயரைப் போட்டுப் பார்த்தாராம். சொல்லிவிட்டு மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் கையைத் துடைக்காமலே வந்து குனிந்து பார்த்தாள். சவிரியான் அல்போன்ஸ். பிறந்தது 1937, திருகோணமலை, இலங்கை. இறந்தது 2001, ஹல், இங்கிலாந்து. தொழில், கப்பல் எஞ்சின் அறை. அதற்குக் கீழே மனைவி என்று இருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பூட்டு. பிள்ளைகள் இரண்டு, பூட்டு, பூட்டு.

அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது, 1966இல், அப்பா கப்பலில் போனார். கப்பலிலிருந்து கடலில் விழுந்து போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். உடல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போவாள். கல்லறை இல்லாதவர்களுக்கென்று நடுவில் நிற்கும் பெரிய சிலுவைக்கு அடியில் மெழுகுதிரி கொளுத்துவாள். அம்மா போன பிறகு கிறிஸ்டின் கொளுத்தினாள். போன நவம்பரிலும் காற்றுக்கு இரண்டு தரம் அணைந்து மூன்றாம் தரம் பற்றியது. 2001 என்றால் அப்பாவுக்கு அறுபத்துநாலு வயது. ஐம்பத்தெட்டு வருட மெழுகுதிரியில் முப்பத்தைந்து வருடத்தை அவர் உயிரோடு இருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இறப்புப் பதிவுகளைப் புரட்டியிருந்தாள். 1966, 1967, 1968. அப்பாவின் பெயர் எதிலும் இல்லை. உடல் கிடைக்காவிட்டால் பதிவு எங்கே வரும் என்று தனக்குத்தானே சொன்னாள். கப்பலில் செத்தவர்களுக்கும் கப்பல்காரர் கடதாசி அனுப்புவார்கள் என்பது அடுத்த வருடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த முதல் வசனத்தை அவள் கைவிடவில்லை. மற்றவர்கள் எழுதிவைத்த பொய்களை ஒரு பார்வையில் பிடிக்கிற கிளாக்கர், தன்னுடையதை மட்டும் மடித்து அலுமாரிக்குள் வைத்திருந்தாள்.

"இந்தப் பேரில எத்தினை பேர் இருந்திருப்பினம்," என்றாள்.

இருக்கலாம் என்று பேணாட் ஒத்துக்கொண்டார். அதைத்தான் திறந்து பார்ப்போம் என்கிறேன் என்றார். தனக்கு ஒன்றும் தேவையில்லை, பார்லோக்கள் எங்கேயாவது கிடக்கட்டும், அவளுக்காக மட்டும் கட்டுவோம் என்றார். சொல்லும்போது அவருடைய குரல் ஆசுபத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற குரலாக இறங்கியிருந்தது. ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பின்னால் வைத்தார். பவுடர் பூசிய அந்த முகத்தில் இரக்கத்தைக் கண்டபோது கிறிஸ்டினுக்கு உடம்பெல்லாம் கூசியது. தகப்பன் வேறு குடும்பம் வைத்திருந்ததைக்கூடப் பிறகு யோசிக்கலாம். இந்த மனிதர் தனக்காக இரக்கப்படுவதை ஒரு நிமிடம்கூடப் பொறுக்க ஏலாது.

"அவர் என்னைத் தேடி ஒரு முத்திரைக்குக்கூடச் செலவழிக்கேல்ல. அவரைப் பாக்க நான் ஏன் காசு கட்டவேணும்?"

பேணாட் கதிரையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். இரக்கம் அப்படியே இருந்தது. அப்போதுதான் அவள் முப்பத்தைந்து வருடமாகத் துப்பாமல் வைத்திருந்ததைத் துப்பினாள். நிதானமாகவே சொன்னாள், சான்றிதழ் வாசித்துக் காட்டுகிற குரலில். 1903ஆம் ஆண்டு, யோசப், தாய் சிசிலியா, தொழில் உடுப்புத் தோய்த்தல்.

"உங்கட அப்பப்பாவுக்குத் தகப்பன் பேர் இல்லை. கோடு மட்டும்தான் கீறிக் கிடக்கு. உங்கட ஆக்கள் தலையில வைச்சு ஆடின பார்லோ எங்க இருந்து வந்தவன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் உட்காருவார் என்று அவள் எதிர்பார்த்தாள். இல்லை, பொய் என்று கத்துவார் என்று எதிர்பார்த்தாள். பேணாட் கண்ணாடியைத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.

தாய் சாகிறதுக்கு இரண்டு நாளுக்கு முன் சொன்னாளாம். பார்லோ என்பது யோசப்பை டொக்யாட்டில் வேலைக்கு எடுத்த மேஸ்திரி, செத்துப்போன ஒரு துரையின் பெயரைப் பார்த்து எழுதிவிட்ட பெயராம். டெரன்ஸின் மரம் அடியிலிருந்து நுனிவரை பொய் என்பதும் தெரியும். அவன் தூரத்தில் தனியக் கிடக்கிறவன், சந்தோசமாக இருக்கட்டும் என்று பேசாமல் விட்டாராம். அந்தத் தளத்தில், யோசப் பிறந்த வருடம் டொக்யாட் பங்களாக்களில் இருந்த துரைமாரின் பட்டியல் ஒன்று பூட்டுக்குள் இருக்கிறது. பதினெட்டுப் பெயர் என்ற எண்ணிக்கை மட்டும் வெளியே தெரியும். அதைத்தான் இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதில ஒருத்தன்தான். ஆர் எண்டு கண்டுபிடிக்க ஏலாது, அதுவும் தெரியும். ஆனா அந்த மனுசி உடுப்புத் தோய்ச்ச வீடு எது எண்டாவது... திட்டுறதுக்கு எண்டாலும் ஒரு பேர் வேணும்தானே, கிறிஸ்டின்."

கிறிஸ்டின் அவர் இழுத்துவைத்த கதிரையில் உட்கார்ந்தாள். மாமியாருக்கும் தெரிந்திருக்கிறது. கறுப்பென்றாலும் என்று சொன்ன அந்த வாய்க்கு, சிசிலியாவைத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் தன் நாக்குக்கு அடியில் இனித்தது இந்த வீட்டில் எல்லோரும் வைத்திருந்த பண்டம்தான் என்று நினைக்க, அவளுக்கு முதன்முதலாகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எவ்வளவு காலமாக அறிந்துவைத்திருந்தாள் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையின் கைவிளிம்பில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை எடுத்து மேசை நுனியில் வைத்தார். அது அவளுடைய கையிலிருந்து போன தோல். எப்போது அவருடைய கையைப் பிடித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

பிறகு அவள் எழுந்துபோய்க் கைப்பையை எடுத்துவந்தாள். அட்டையை அவரிடம் கொடுக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பதிவறையில் மற்றக் கிளாக்கருக்கு இலக்கம் சொல்லுகிற அதே தட்டையான குரலில், நாலு நாலாக வாசித்தாள். பேணாட் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். நாலு இலக்கம். எட்டு. பன்னிரண்டு. அதோடு அவளுடைய குரல் நின்றது. அவர் விரலைத் தூக்கியபடி காத்திருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

முற்றத்தில் காய்ந்த இலை நொறுங்கும் சத்தம் கேட்டது. படலை திறந்து கிடந்தது. ஊருக்குள் திரிகிற புள்ளிமான் ஒன்றும் குட்டியும் உள்ளே வந்து, அவள் தண்ணி ஊற்றி வளர்த்த செவ்வரத்தையின் கொப்பைத் தலையால் வளைத்துப் பிடித்து, தளிரைத் தாய் கடித்திழுக்க, கீழே விழுந்ததைக் குட்டி தின்றுகொண்டிருந்தது. வேறு நாளென்றால் தும்புத்தடியோடு ஓடியிருப்பாள். இருவரும் எழுந்திருக்கவில்லை. கொப்பு வளைந்து, விடுபட்டு, திரும்பவும் வளைந்தது. அட்டை அவளுடைய விரல்களுக்கிடையில் இருந்தது, கடைசி நாலு இலக்கத்தையும் பெருவிரல் மூடியிருந்தது.