ஓரகத்தியின் மாடு

அந்த வீட்டின் இரண்டு மருமகள்களுக்கும் ஆளுக்கொரு மாடு இருந்தது. இரண்டும் ஒரே தொழுவத்தில் நின்றன, ஒரே வாரத்தில் கன்று போட்டன. ஆனால் இளையவளின் மாடு கறந்ததில் பாதிகூட மூத்தவளின் மாடு கறக்கவில்லை. ஓரகத்தி நுரை ததும்பும் வாளியோடு எதிரே வரும்போதெல்லாம் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. தன் மாட்டுக்குத் தீவனத்தை அள்ளி அள்ளிப் போட்டாள். பால் ஏறவில்லை, மாடுதான் கொழுத்தது.

மாட்டு டாக்டர் வந்தபோது கேட்டேவிட்டாள். "அவ ஏதோ ரகசியமா குடுக்கிறா, அப்படித்தானே டாக்டர்?"

"அதெல்லாம் இல்லம்மா. கன்னு போட்ட புதுசுல தின்றது பாலுக்குப் பத்தாது. அவங்க மாடு உடம்புக் கொழுப்பையே கரைச்சுப் பாலாக்குது. உங்க மாடு தின்னதை உடம்புல சேர்த்துக்குது. அதோட வாகு அப்படி."

அதுவரை மடியை மட்டுமே பார்த்துப் பொருமியவள், இப்போதுதான் அந்த மாட்டை முழுசாகப் பார்த்தாள். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

இளையவள் பக்கத்தில் வந்து பெருமூச்சு விட்டாள். "உன் மாடு என்னமா மினுமினுன்னு இருக்குக்கா! என்னோடது எலும்பும் தோலுமா நிக்குது. பார்க்கிறப்பல்லாம் பொறாமையா இருக்கு."

மூத்தவளுக்கு வயிறு குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் தன் தீவனத்தில் ஒரு கூடையை ஓரகத்தியின் மாட்டுக்கு வைத்தாள். அது ஆவலாகத் தின்றது. இதுவும் பாலாகத்தானே போகும் என்று தோன்றியதும், பாதியிலேயே கூடையை இழுத்துக்கொண்டாள்.