சண்முகசுந்தரியின் பத்தொன்பது பாட்டுகள்

அப்பத்தா சண்முகசுந்தரி இறந்து ஓராண்டு நெருங்கியபோதுதான், அவருக்கு இரண்டு மகன்கள் இருப்பது பழனி ஊருக்கே தெரிய வேண்டும் என்று அந்த இரண்டு மகன்களுக்கும் தோன்றியது. நினைவு மலர் போட முடிவானது. கொடைக்கானல் பள்ளியில் தமிழ் நடத்தும் பேத்தி தாரணியைத் தொகுப்பாசிரியர் ஆக்கினார்கள்.

அப்பத்தா கார்த்திகைதோறும் மலையேறியவர். விஞ்ச் ரயிலில் போகச் சொன்னால் கேட்கமாட்டார். படிக்கு ஒரு வரியாகப் பாட்டுக் கட்டிக்கொண்டே ஏறுவார். அப்படிக் கட்டிய பத்தொன்பது பாட்டுகள் காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதப்பட்டு, ஒரு பஞ்சாமிர்த டப்பாவில் கிடைத்தன.

அட்டைப்படம் முதலில் தயாரானது. ஸ்டுடியோக்காரர் கைத்தறிச் சேலையைப் பட்டாக்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையில் முருகனின் வேல் ஒன்றையும் கொடுத்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அப்பத்தாவுக்கு அடுத்த படியே தெரியாது.

பாட்டுகளைப் படித்த பிறகுதான் சிக்கல். முருகனிடம் போட்ட சண்டை போக, மிச்சமெல்லாம் குடும்ப விவகாரம்.

*ஆறு முகம் இருந்தென்ன ஆறுமுகா – என்னை*
*ஒரு முகமும் பாக்கலையே ஆறுமுகா*
*மூத்தவனோ மாடிவிட்டு எறங்கவில்லை ஆறுமுகா*
*எளையவனோ போனெடுக்க நேரமில்லை ஆறுமுகா*

மூத்தவர் குருநாதன். அடிவாரத்தில் பூஜை சாமான் கடை. அம்மா குடியிருந்த வீட்டின் மாடியில்தான் இருபது வருடமாக வாசம். தாளை வாங்கிப் பார்த்தவர் மூஞ்சி சுருங்கியது.

“முருகன்கிட்டச் சொன்னதை நாம எதுக்குத்தா ஊருக்குச் சொல்லணும்?”

கொடைக்கானலில் காட்டேஜ் நடத்தும் இளையவர் சிவமுருகன், தாரணியின் அப்பா, விட்டுக்கொடுத்துப் பேசினார். “மாத்த வேண்டாம்மா. லைட்டா ஒரு எடிட்.”

தாரணி ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டாள். மறுநாள் உட்கார்ந்து மாற்றினாள். ‘மூத்தவனோ முன்னநின்னு காத்தானே, எளையவனோ எறங்கிவந்து பாத்தானே’ என்று இயைபு பொருந்தி வந்ததும், வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

நினைவு நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கடைக்காரர்களும் காட்டேஜ்காரர்களும். பின்வரிசையில், அழைக்காமலே வந்த ஏழெட்டுப் பெண்கள், அப்பத்தாவோடு மலையேறியவர்கள். சிவமுருகன் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்.

“மூத்தவனோ முன்னநின்னு காத்தானே...”

“தம்பி, தப்பாப் பாடுறீங்க!” பின்னால் அந்தப் பெண்களில் ஒருவரான பழனியாத்தாள் எழுந்துவிட்டார். “அது ‘மாடிவிட்டு எறங்கவில்லை’. நாங்க படிக்குப் படி சேந்து பாடுனதுல்ல?”

மற்ற பெண்கள் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். மைக் இல்லாமலே மண்டபம் நிறைந்தது. சகோதரர்கள் இருவரும் போட்டோவுக்கு நிற்பதுபோல் சிரித்தபடி நின்றார்கள். பாட்டு நிற்கவில்லை, தாளில் இல்லாத அடிகளுக்குப் போனது.

*மாடிவிட்டு எறங்காட்டா என்ன செய்ய ஆறுமுகா – அவன்*
*முட்டிவலி தீத்துவையி ஆறுமுகா*

குருநாதனின் சிரிப்பு நின்றது. தன்னையறியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவிடம் அவர் வலியைச் சொன்னதே கிடையாது. மாடியில் தாங்கித் தாங்கி நடக்கும் காலடிச் சத்தம் கீழே கேட்டிருக்கும்.

தாரணிக்கு உள்ளூரக் குதூகலம். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

*கொடைக்கானல் பேத்தியவ ஆறுமுகா – வார*
*லீவுக்கெல்லாம் வாரேன்னா ஆறுமுகா*
*லீவுதானே வந்துபோச்சு ஆறுமுகா – அவ*
*வரும்வழிய மறிச்சதாரு ஆறுமுகா*

மண்டபமே சிரித்தது. தாரணியும் சிரித்துவிட்டு, பாதியில் நிறுத்தினாள். கொடைக்கானலில் இருந்து பழனிக்கு மூன்று மணி நேரப் பேருந்து. யாரும் மறிக்கவில்லை.

பந்திக்கு எல்லோரும் எழுந்தபோது அவள் போய்ப் பழனியாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னும் இருக்கா, ஆத்தா?”

“ஒம்மேல மட்டும் மூணு கெடக்கு கண்ணு. ஒன்னைத் திட்டும்போது ஒங்க அப்பத்தாவுக்குக் கொரலே கொழையும். மொத எதைச் சொல்ல?”

“திட்டுறதையே சொல்லுங்க.”

எழுத வெற்றுத்தாள் தேடினாள். மலரின் கடைசிப் பக்கங்கள் முழுக்க விளம்பரம். அப்பாவின் காட்டேஜ் படத்துக்கு அடியில், ‘இருபத்து நான்கு மணி நேரமும் வெந்நீர் உண்டு’ என்ற வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. தாரணி பேனாவைத் திறந்தாள்.