மெற்றில்டா தேத்தண்ணி போடவில்லை

உள்ளூர்க் கவுன்சிலில் இருந்து ஆள் வருகிறது என்று கடிதம் வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஜன்னல் திரைகளைக் கழற்றித் தோய்த்ததுதான். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

என் கணவர் பஸ்தியாம்பிள்ளை யாழ்ப்பாணத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணி மாதம் லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டுப் படியில் விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு மட்டும் தப்பியது, அதுவும் போஸ்ட்மாஸ்டர் இங்கிலிஷ் ஒரு சொல் குறையாமல் தப்பியது. அன்றிலிருந்து அவரை எழுப்புவது, குளிப்பாட்டுவது, சேட்டை மாட்டித் தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டுவது எல்லாம் நான்தான்.

அதற்கு முன் பக்கத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு ஒரு வேலை இருந்தது. ஐம்பத்தொரு வயதில் வாழ்க்கையிலேயே முதன்முதலாகச் சம்பளத்துக்குப் போன இடம். ஊரில் போஸ்ட்மாஸ்டர் பெண்சாதி வேலைக்குப் போவாளா? இங்கே போனேன். பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தேன், கஸ்டட் கிண்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சில நாட்களில் புருஷனைவிட அந்த வேலைதான் எனக்குக் கூடப் பிடித்திருந்தது. தலைமைச் சமையற்காரி நல்ல மனுஷி. அடுத்த ஜூன் மாதம்வரை என் இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமேல் தன் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டாள். இவரைக் காலையில் பார்க்கக் கவுன்சில் ஓர் ஆளைத் தந்தால் நான் திரும்பிப் போகலாம். தராவிட்டால் வேலை போச்சு.

இவருக்கு உதவி தேவையா என்று பார்க்கக் கார்த்திகை மாதம் ஓர் இளம் உத்தியோகத்தர் வந்தார். விடியற்காலையிலேயே நான் இவரைக் குளிப்பாட்டி, கோட்டும் டையும் போட்டு, ஓடிக்கொலோன் வாசனையும் பூசிச் செற்றியில் இருத்தியிருந்தேன். மேசையில் வடை, ரோல்ஸ், கேக்.

“நீங்களாகவே உடுப்புப் போடுவீர்களா?”

“நோ புரொப்ளம்,” என்றார் இவர்.

“குளிப்பு?”

“எவ்றி டே.”

பொய்யில்லை, தினமும் குளிக்கிறார்தான். யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று இவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த வெளி மனிதருக்கு முன்னால் புருஷனை இறக்கிப் பேச எனக்கு வாய் வரவில்லை. வந்தவர் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார், வீடு வெகு அழகு என்றார், போனார். மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இப்போதைக்கு உதவி எதுவும் தேவைப்படவில்லையாம்.

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது சினேகிதி பியற்றிஸிடம் அழுதேன். அவள் வேறொரு கவுன்சிலில் வயதானவர்களைப் பார்க்கும் வேலை செய்பவள். இந்த விஷயங்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிட்டாள்.

“மெற்றில்டாக்கா, மாப்பிள்ளை பாக்கவே அவங்கள் வந்தவங்கள்? கோட்டுப் போட்டு இருத்தினா வேறை என்னத்தை எழுதுறது? திரும்ப வந்து பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. அண்டைக்கு ஒண்டும் செய்யாதையுங்கோ. கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ.”

சொல்வது சுலபம். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, அடுத்த வருஷம் வைகாசியில்தான் திரும்ப ஆள் வந்தது. ஜூனுக்கு இரண்டரைக் கிழமை இருந்தது.

அன்று காலை இவரைக் கட்டிலில் இருந்து எழுப்பிக் கதிரையில் இருத்தியதோடு நான் நிறுத்திக்கொண்டேன். இடுப்பில் படுத்து எழும்பிய சாரம், தெறி பூட்டாத சேட்.

“வெளியாள் வருகுது. கோட்டை எடும்,” என்றார்.

“உங்களுக்கு எல்லாம் ஏலும் எண்டு போன முறை சொன்னனீங்கள்தானே. நீங்களே எடுங்கோ.”

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்த முறை வந்தது மிஸிஸ் ஹாரிஸ் என்ற நடுவயதுப் பெண். நனைந்த குடையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டார். இவரும் விடவில்லை. வழக்கமாகத் தானே உடுப்பாராம், இன்றைக்கு மட்டும் ஒரு விதிவிலக்காம். குளிப்பு? எவ்றி டே. மிஸிஸ் ஹாரிஸின் பேனை மெல்லத் தாளில் இறங்கியது. இந்தக் கடிதமும் போன கடிதம் மாதிரித்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது இவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“மெற்றில்டா, இவவுக்குத் தேத்தண்ணி போடும்.”

வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி குடிக்காமல் போனால் எங்கள் ஆட்களுக்கு அதைவிட மானக்கேடு வேறில்லை. என் கால்கள் தாமாகவே எழும்பப் பார்த்தன. கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் மிஸிஸ் ஹாரிஸைப் பார்த்துச் சொன்னேன்: அவருக்கு எல்லாம் ஏலும், அவரே போடுவார்.

தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார் மிஸிஸ் ஹாரிஸ். அது இவரை இன்னும் மோசமாகக் குத்தியிருக்கவேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். காலை இழுத்து இழுத்து, முன்னால் தெரியும் குசினிக்குப் போனார். இவர் விழுந்துவிடுவாரோ என்று மிஸிஸ் ஹாரிஸும் பின்னாலேயே போய் நின்றார். இவர் இடது கையால் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைப் பைப்புக்குக் கீழே வைத்தார். அதே கையால் பைப்பைத் திறந்தார். கேத்தில் சரிந்து சாரம் முழுக்கத் தண்ணீர். நிமிர்த்தி வைத்தார். திரும்பவும் சரிந்தது. மூன்றாம் முறை வலது முழங்கையால் அணைத்துப் பிடிக்கப் பார்த்தார், அது நிலத்தில் விழுந்து உருண்டது.

நான் இருந்த இடத்திலேயே இருந்து அழுதேன். என் வாழ்நாளில் ஒருவருக்கும் இப்படிக் கொடுமை செய்ததில்லை. ஆனாலும் எழும்பவில்லை.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டே பைப்பை மூடினார். பிறகு இங்கிலிஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “மேடம், என் வீட்டுக்கு வந்த உங்களுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி தர எனக்கு ஏலாது. உடுப்புப் போட ஏலாது. தெறி பூட்ட ஏலாது. என்னைக் குளிப்பாட்டுவது என் மனைவி. எல்லாமே என் மனைவிதான்.”

மிஸிஸ் ஹாரிஸ் நின்றபடியே பக்கம் பக்கமாக எழுதினார். நான் ஓடிப்போய்த் துவாயால் இவரைத் துடைத்துக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினேன். அதன்பிறகு மிஸிஸ் ஹாரிஸ் என்னைப் பார்த்தார்.

“ஏப்ரலில் இருந்து புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. பார்த்துக்கொள்பவர் கேட்டால் அவருடைய நிலைமையையும் நாங்கள் எழுதவேண்டும். உங்களுக்கு எப்படி இருக்கிறது? தொடர்ந்து சமாளிக்க முடியுமா?”

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தேன்.

“நோ புரொப்ளம். ஐ மனேஜ்.”

எங்கிருந்து வந்ததோ தெரியாது, இவர் சொல்கிற அதே மாதிரி வந்துவிட்டது!

“பொய் சொல்லாதையும்!” இவர் இடது கையால் மேசையில் ஓங்கி அடித்தார். மிஸிஸ் ஹாரிஸ் பக்கம் திரும்பினார். இனி முழுவதும் இங்கிலிஷ்தான்.

“எழுதுங்கள், மேடம். என்னைத் தூக்கித் தூக்கி இவளுடைய மணிக்கட்டு தை மாதத்தில் இருந்து வீங்கியிருக்கிறது. பாத்ரூமில் பைப்பைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்குக் காதும் போய்விட்டதென்று நினைக்கிறாள். இவளுக்கு ஒரு வேலை இருந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே பாடத் தொடங்குவாள். நான் விழுந்தபிறகு ஒரு நாளும் பாடவில்லை. இதை எந்த இடத்தில் எழுதுவீர்களோ தெரியாது, ஆனால் எழுதுங்கள்.”

முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறோம். நான் பாடுவதை இந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

“அந்த வேலைக்குத் திரும்பிப் போக விருப்பமா?” என்று மிஸிஸ் ஹாரிஸ் கேட்டார்.

“ஓம்,” என்றேன். தமிழில் சொன்னது அவருக்கும் விளங்கியது.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. கிழமையில் ஐந்து நாளும் காலையில் ஓர் ஆள் வந்து எழுப்பிக் குளிப்பாட்டி உடுப்புப் போட்டு விடும். மத்தியானமும் வந்து சாப்பாடு கொடுத்துப் போகும். பாத்ரூமில் பிடித்து எழும்பக் கம்பி பூட்டித் தருவார்கள். நான் மூன்று தரம் வாசித்தேன். இவர் ஒரு தரம் உரத்து வாசித்து, இங்கிலிஷ் பிழையில்லை என்று சான்றிதழும் கொடுத்தார். தலைமைச் சமையற்காரிக்கு ஃபோன் எடுத்தேன். எப்போது வருவாய் என்று கேட்டாள். திங்கட்கிழமை என்று கத்தினேன், அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். வென்றுவிட்டேன்!

திங்கட்கிழமை காலை கிறேஸ் என்ற கானா நாட்டுப் பெண் வந்து சேர்ந்தாள். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, துவாய் இருக்கும் இடம், சோப் இருக்கும் இடம், எந்தக் கையை முதலில் சேட்டுக்குள் விடவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கால் படி இறங்க மறுத்தது. இவர் கிறேஸின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார்.

“மெற்றில்டா, அங்கை முந்நூறு பிள்ளையள் பசியோடை வருங்கள். இஞ்சை ஒராள்தான், அந்த ஒராளுக்கும் ஆள் வந்திட்டுது. போம்.”

நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.