முதற்பலனாக ஒரு ஓர்கன்

தெல்லிப்பழையில் ஜெயனி வீட்டு வளவில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட இல்லை. ஆனாலும் தேவாலயத்து அறுவடை ஆராதனைக்கு ஊரே முதல் விளைச்சலான பூசணியும் வாழைக்குலையுமாக வரும்போது வெறுங்கையோடு போக அவளுக்கு மனமில்லை. "நான் ஒரு சின்ன எலெக்ட்ரோனிக் ஓர்கன் செய்து முதற்பலனாக் கொண்டு வாறன்" என்று பாடகர் குழு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாள். வாய் சும்மா இருந்தால்தானே!

குழுவை நடத்தும் எட்வேர்ட் அங்கிள் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "சத்தம் வந்தாப் பாப்பம், பிள்ளை." அந்தப் பார்வைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சிநேகிதி அருந்ததி உதவிக்கு வந்தாள். ஓர்கனுக்காக ஜெயனி கீறி, அச்சுக்கடையில் அடிப்பித்த மின்பாதைத் தாளை, ஒரு பக்கம் செம்பு பூசிய தகட்டில் கவிழ்த்து, அயன் பெட்டியால் அழுத்தினார்கள். மை தகட்டில் பிடித்தது. மை படாத செம்பைப் பிளாஸ்டிக் பேசினில் இருந்த கரைசல் அரித்துத் தீர்த்தது. துளைகளும் போட்டாயிற்று. சத்தம் எழுப்பும் ஐசிச் சில்லைச் செம்பில்லாத பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் ஜெயனி. இடப்பக்கம் வரவேண்டிய கம்பிக்கால் வலப்பக்கம் நின்றது.

"எல்லாம் இடம் வலமாப் போச்சுது! நான் சரியாத்தானே கீறினனான்?"

அச்சுக்கடை சுபாஸ்கரனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அயன் பண்ண எண்டுதானே சொன்னீங்கள், அக்கா. ஜேர்சிக்கு அடிக்கிற மாதிரி இடம் வலமாத் திருப்பி அடிச்சனான்" என்றான் அவன், நன்றியை எதிர்பார்க்கும் குரலில்.

கிரிக்கெட் கழகங்களுக்குப் பெயர் அடித்துப் பழகிய கை அது. கவிழ்த்தால் திரும்பும் என்று கணக்குப் பார்த்தே ஜெயனி கீறியிருந்தாள்; இப்போது இரண்டு தரம் திரும்பிவிட்டது. அவனைக் கோபிக்கவும் முடியவில்லை. வேறு தகடும் இல்லை. விடிந்தால் ஆராதனை. ஜெயனி அழத் தொடங்கினாள்.

அருந்ததி தேற்றவில்லை. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செம்பு இருக்கிற பக்கத்திலையே ஐசியை வைச்சா என்ன?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜெயனி வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு காலும் அதனதன் பாதையில் போய் நின்றது. "என்ரை ராசாத்தி!" என்று அவளைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். பிறகு இடுக்குகளுக்குள் ஈயம் உருக்கி ஒட்டியதில் இருவர் விரலும் சுட்டது, சிரிப்பும் அடங்கவில்லை.

ஞாயிறன்று பூசணிகளுக்கு நடுவே ஓர்கனை வைத்து, ஒரு கட்டையை அழுத்தினாள். கொஞ்சம் மூக்கால் பாடுகிற சத்தம்தான். ஆனால் ஆடாமல் அசையாமல் நின்றது.

எட்வேர்ட் அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொருக்கா அமத்து, பிள்ளை."

அமத்தினாள்.

அவர் பாடகர் குழுவின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் எழும்புங்கோ. இதுதான் சுருதி."