மூலக்காரணம்: ஆபரேட்டர் ஜீவா

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோகநாதனின் கம்பெனிக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு மரப்பெட்டியை. அதில் முப்பத்திரண்டு அறைகள், அறைக்கு ஒரு எண். ஷிப்டுக்கு வருகிற ஒவ்வொரு தொழிலாளியும் தன் செல்போனை அணைத்து அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாட்ச்மேன் அய்யாசாமி சாப்பாட்டுக் கேரியரைக்கூடத் திறந்து பார்ப்பார். யாராவது டிராயிங்கைச் சாம்பாரில் முக்கிக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயமோ என்னவோ. இதற்குப் பெயர் தகவல் பாதுகாப்பு. லோகநாதன் அந்த வார்த்தையை வாய் நிறையச் சொல்வார்.

அவருடைய செல்போன் மட்டும் எந்தப் பெட்டிக்கும் போனதில்லை. அவர் மனைவி பூங்காவனத்தின் போனும் போனதில்லை. முதலாளி வீட்டு ஜனங்களின் கையிலிருந்து தகவல் கசியாது போலும். ஆபீசில் இருந்த நான்கு கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அவருடைய மகள் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். மறந்துவிடக் கூடாதே என்று அதையும் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவைத்து, ஆயுத பூஜைக்கு அதன்மேல் சந்தனமும் வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட பாதுகாப்புக் கோட்டையில்தான் ஜீவா ஏழு வருஷமாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிறான்.

ஆடி முடிந்ததும் ஒரு பெரிய கார் கம்பெனியின் ஆர்டர் வந்தது. இன்னும் ரோட்டுக்கே வராத ஒரு காரின் கதவுப் பூட்டுக்கான தகட்டுப் பாகம். டிராயிங்கின் ஒவ்வொரு தாளிலும், இது ரகசியம், வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று இங்கிலீஷில் சிவப்பாக அச்சடித்திருந்தது. தொழிலாளிகளுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்றும் கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. லோகநாதன் டீ வேளையில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றார். "வெளியே எவன்கிட்டயும் எதையும் பேசாத. அவ்ளோதான். எல்லாரும் கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்றார். வகுப்பு முடிந்தது. அன்றைக்கு லீவில் இருந்த மூன்று பேரின் கையெழுத்தையும் ஆபீஸ் ஹேமாவதி அக்காவே போட்டுக்கொண்டார். ஃபைல் அழகாக இருந்தது.

புது டிராயிங் எது வந்தாலும் லோகநாதனுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் பிரதியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மாடியில் தன் ரூமுக்குப் பின்னால் இருக்கும் பூஜை அறையில் வெள்ளிக்கிழமை வைத்துத் தேங்காய் உடைப்பார். அது நாற்பத்தெட்டு நாள் சாமி காலடியிலேயே இருக்கும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பூஜை முடிந்ததும் மனிதர் சும்மா இருந்திருக்கலாம். மாலை, குத்துவிளக்கு, விரித்து வைத்த டிராயிங் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, 'இறையருளால் புதிய ஆர்டர்' என்று எழுதி வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். அளவு, துளை, வளைவு என்று ஒன்று விடாமல் படத்தில் இருந்தது. ரகசியம் என்ற சிவப்பு எழுத்தும் இருந்தது. அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்.

அவருடைய போனில் அறுநூறு பேர். சொந்தக்காரர்கள், சரக்கு கொடுப்பவர்கள், கல்யாண வீடுகளில் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் அம்பத்தூர்ப் போட்டிக்காரர் எல்லாரும் அதில் உண்டு. ஷிப்டு முடிந்து போனைக் கையில் வாங்கியதும் முப்பத்திரண்டு தொழிலாளிகளும் டீக்கடையில் நின்று அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தார்கள். ஜீவாவும் பார்த்தான். அதற்குள் அது கார் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்திருந்தது. அனுப்பிய புண்ணியவான் தன் பெயரும் தெரியாமல், மேலே இருந்த லோகநாதன் பெயரையும் எழுத்தையும் வெட்டிவிட்டு, படத்தை மட்டும் அனுப்பியிருந்தார்.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. விசாரணைக்கு ஆள் வரும், அதற்கு முன் அறிக்கை தயாராக இருக்க வேண்டும். லோகநாதன் ஸ்டேட்டஸை அழித்துவிட்டு, ஜீவாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

அறிக்கை ஹேமாவதி அக்காவின் மேஜையில் தயாராக இருந்தது. அந்தப் படிவத்தில் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு, கடைசியில் மூலக்காரணத்தை எழுத வேண்டும். இந்த எஸ்டேட்டில் எந்தக் கம்பெனியில் எது கெட்டாலும் ஐந்தாவது 'ஏன்' ஆபரேட்டரின் தலையில்தான் வந்து விழும். தகடு வளைந்தால் ஆபரேட்டரின் கவனக்குறைவு. பெட்டியில் எண்ணிக்கை குறைந்தால் ஆபரேட்டரின் கவனக்குறைவு. ஷெட்டுக் கூரை ஒழுகினால்கூட அண்ணாந்து பார்க்காதது ஆபரேட்டரின் குற்றம். இங்கேயும் அப்படித்தான் இருந்தது: 'ஆபரேட்டர் ஜீவா செல்போனை ஒளித்துக் கொண்டுவந்து, அனுமதியின்றிப் பூஜை அறைக்குள் நுழைந்து படம் எடுத்தார்.'

"இன்னா சார் இது?" என்றான் ஜீவா.

"சும்மா ஃபார்முக்குடா. உன்ன வேலைய உட்டுலாம் அனுப்ப மாட்டேன். கார் கம்பெனிலேந்து விசாரிக்க ஒரு அம்மா வருது, அது கேட்டா ஆமான்னு சொல்லிடு. பொங்கலுக்குள்ள உன்ன மெஷின் செட் பண்ற செட்டர் ஆக்கிடறேன், சம்பளமும் ஏறும்."

"நான் அந்த ரூம் பக்கமே போனதில்லியே சார்."

"அது எனக்குத் தெரியாதா? அந்தம்மாக்குத் தெரியுமா? அதான் மேட்டரு."

"என் பேரு அவங்க லிஸ்ட்ல ஏறிடும் சார். திருட்டுப் பயன்னு போட்ருவாங்க. அப்பறம் இந்த ரோட்ல எந்த கம்பெனி கேட்டாண்டயும் நான் நிக்க முடியாது."

லோகநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "ஆர்டர் போச்சுன்னா முப்பத்திரண்டு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். அத யோசிச்சியா? நாளைக்கு ஆமான்னு சொல்லு. இல்லியா, இன்னைக்கே கணக்க முடிச்சிக்கினு கெளம்பு நைனா."

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஜீவாவுக்கு அதே யோசனைதான். பொய்யாக ஆமாம் என்றால் திருடன் என்ற பேர். இல்லை என்று மட்டும் சொன்னால் யார் நம்புவார்கள்? ஸ்டேட்டஸ் அழிந்துவிட்டது, அதைப் பார்த்தவர்களும் வேலைக்குப் பயந்து வாய் திறக்க மாட்டார்கள். நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த அறைக்குள் தான் ஏன் போனதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கம்பெனி நிற்கிற இடம் லோகநாதன் குடும்பத்தின் நெல் வயலாக இருந்த காலத்தில் ஜீவாவின் ஆட்கள் அதில் கூலிக்கு அறுத்தவர்கள். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்க எல்லாக் கையும் வேண்டும். மாடிப் பூஜை அறையில் படைத்த பிரசாதம் மட்டும் காலனிக்காரர்களுக்குப் படிக்கட்டு அடியிலேயே கைக்கு வந்துவிடும். யாரும் வராதே என்று சொன்னதில்லை. அவனும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது? அதைப் போய்ச் சட்டை இஸ்திரி கலையாத ஒரு அதிகாரி முன்னால், கூட வேலை செய்கிறவர்கள் கேட்க, தன் வாயாலேயே சொல்ல வேண்டுமா? அதை நினைக்கையிலேயே அவனுக்குக் கூசியது.

மறுநாள் காலை கார் கம்பெனியிலிருந்து ரேஷ்மா வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாசலில் தன் போனைத் தானே எடுத்து மரப்பெட்டியில் வைத்தார். லோகநாதன் பதறி, "உங்களுக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்" என்றார். அவர் அதற்குள் உள்ளே நடந்துவிட்டார்.

ஷாப் ஃப்ளோரிலேயே மேஜை போட்டிருந்தது. லோகநாதனுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் பூங்காவனம். படிவத்தில் தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு கட்டம் இருந்ததால் மனைவி பெயரைப் போட்டு வைத்திருந்தார். அந்த அதிகாரிக்கு அது என்ன வேலை என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அவரும் ஏதோ சங்கத் தலைவி பதவி மாதிரி என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ரேஷ்மா அறிக்கையைப் படித்துவிட்டு ஜீவாவைப் பார்த்தார். "நீங்கதான் படம் எடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பயப்படறான் மேடம்" என்று சிரித்தார் லோகநாதன். "டேய், நேத்து இன்னா சொன்ன?"

"அவர் பேசட்டும் சார்" என்றார் ரேஷ்மா.

"நான் அந்த ரூமுக்குள்ள போனதே இல்ல மேடம். இங்க சேந்து ஏழு வருசமாவுது. ஒரு தபா கூட போனதில்ல."

"ஏன், பூட்டியே இருக்குமா?"

பிரஸ் மெஷின்கள் நின்றிருந்தன. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீவா ஒரு முறை தரையைப் பார்த்தான். பிறகு அது தன் வெட்கம் இல்லை என்று அவனுக்குச் சட்டென்று கோபம் வந்தது.

"தொறந்துதான் கெடக்கும் மேடம். எங்க ஆளுங்கள உள்ள உட மாட்டாங்க. நாங்க காலனிக்காரங்க."

லோகநாதன் எழுந்தே விட்டார். "சேச்சே! இன்னாடா பேச்சு இது? மேடம், இவன் எனக்குப் புள்ள மாதிரி. எங்க வேணா போவான், வருவான். போன மாசம் அந்த ரூம்ல பல்பு மாட்னதே இவன்தான்!"

தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"இன்னா ஒளர்றீங்க நீங்க?" என்று புருஷன் பக்கம் திரும்பினார் பூங்காவனம். "இவன் எப்ப உள்ள வந்தான்? ஏம்மா, எங்க சாமி ரூமுக்குள்ள எங்க ஊட்டு ஆளுங்க அஞ்சு பேரத் தவிர ஒரு ஈ காக்கா நொழைஞ்சதில்ல. நான்தான் பெருக்கறேன், நான்தான் வெளக்கேத்தறேன். அவ்ளோ சுத்தமா வெச்சிகினு கீறோம். அந்த வெள்ளிக்கெழம அன்னிக்கும் நானும் இவருந்தான் உள்ள இருந்தோம். வேற ஆரு வந்தா?"

லோகநாதன் உட்கார்ந்துவிட்டார். ஹேமாவதி அக்கா கையிலிருந்த ஃபைலை மெதுவாக மூடினார்.

ரேஷ்மா அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். சரிதான் என்று தலையாட்டிய பூங்காவனம், காட்டிய இடத்தில் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டார். தன் வீட்டுச் சுத்தத்துக்குச் சாட்சி சொன்ன திருப்தி அவர் முகத்தில் இருந்தது. ஜீவாவின் பெயர் இருந்த வரியை ரேஷ்மா குறுக்கே அடித்தார். திருடன் இல்லை என்று ஆகிவிட்டது. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த அம்மாவின் வாயிலிருந்து அதைக் கேட்டபோது கன்னத்தில் அறைந்த மாதிரிதான் இருந்தது.

"டிராயிங் இப்ப எங்க இருக்கு?" என்றார் ரேஷ்மா.

"மேல சாமி காலடில மேடம்" என்றார் லோகநாதன். பிறகு அவருக்கு ஏதோ தோன்றியது. கெட்டது கெட்டுவிட்டது, கொஞ்சமாவது தூக்கி நிறுத்தலாம் என்று நினைத்தார் போல. குரலில் தேன் ஊற்றிக்கொண்டு, "ஜீவா, நீயே போய் எட்துனு வாடா கண்ணு. ஆரு உன்ன தடுக்கறது? மேடம் பாக்கட்டும்" என்றார்.

பூங்காவனம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். எல்லாரும் ஜீவாவைப் பார்த்தார்கள். ஏழு வருஷத்தில் ஒரு நாளும் திறக்காத வழி, தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டி வந்ததும் அரை நிமிஷத்தில் திறக்கிறது.

"வேணாம் சார்" என்றான் ஜீவா. "நீங்களே போய் எட்துகினு வாங்க."

லோகநாதன் சுற்றிலும் பார்த்தார். அவருக்குப் பதிலாக யாரும் எழுந்து போகவில்லை. படிக்கட்டடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மஞ்சள் தடவிய அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து மேஜையில் வைக்கும்வரை ஜீவா நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.