ஆறும்வரை எழக்கூடாது

கார்த்திகேசுவுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் அரிக்கும். சோறு தின்னும்போதே இரண்டு தடவை எழுந்து போய் வாசலை எட்டிப் பார்க்கிற ஆள். அப்பேர்ப்பட்டவன் ஜெலுத்தோங்கில் தன் ஃபிளாட் வீட்டில், இரண்டு பலகைகளுக்கு மேல் அசையாமல் உட்கார வேண்டி வந்ததே, அதுதான் கொடுமை!

எல்லாம் அவன் மனைவி ருக்குமணி வைத்த விளக்கால் வந்த வினை. எண்பத்து நாலாம் வருஷத்துக் கார்த்திகைக்கு, செத்துப்போன தன் அப்பாவின் படத்துக்குக் கீழே, அவருடைய பழைய ரேடியோ மேலேயே அகலை ஏற்றி வைத்துவிட்டாள். சூட்டில் பிளாஸ்டிக் முகப்பு குழைந்து வளைந்து, ஸ்டேஷன் காட்டும் முள்ளை நகரவிடாமல் அமுக்கிக்கொண்டது.

அந்த ரேடியோவை எடுத்துப்போகத்தான் அவள் தம்பி சன்னாசி நிபோங் திபாலிலிருந்து வருகிறான். அப்பாவின் கருமாதியன்று அவன் உள்ளே வந்தபோது, எந்நேரமும் எழுந்து திரிகிற கார்த்திகேசு, அன்றைக்கென்று அசதியில் நாற்காலியை விட்டு எழவில்லை. மரியாதை தெரியாத வீடு என்று போனவன் இப்போதுதான் மனமிரங்கியிருக்கிறான். கெட்ட ரேடியோவைக் கொடுத்தால், வேண்டுமென்றே கெடுத்தார்கள் என்பான். அக்கா தம்பி உறவு அதோடு போச்சு.

முகப்பைக் கழற்றி, வெந்நீரில் இளக்கி, பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே அரிசி டின்னை ஏற்றினான் கார்த்திகேசு. ஆறும்வரை தொடக்கூடாது. இவனா தொடாமல் இருப்பான்? தூக்கிப் பார்த்தான், பழையபடி வளைந்துகொண்டது.

"நீங்களே ஏறி உக்காருங்க," என்றாள் ருக்குமணி. மறுபடி இளக்கி, ஏறி உட்கார்ந்தான்.

"ஆறிருக்குமா?"

"இப்பத்தானே உக்காந்தீங்க! இருங்க லா."

அதற்குள் வாசலில், "அக்கா!" என்ற குரல். சன்னாசி, கையில் வாழைப்பழச் சீப்போடு. உட்கார்ந்திருந்த கார்த்திகேசுவைப் பார்த்ததும் அவன் முகம் இருண்டது.

"இன்னமும் எந்திரிக்க மனசு வரலையா மச்சான்?" என்றவன், பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினான்.

எழுந்தால் ரேடியோ போச்சு, எழாவிட்டால் ஆளே போச்சு.

"நாசமாப் போகட்டும்!" துள்ளி எழுந்து ஓடினான் கார்த்திகேசு. "வாங்க மாப்ள, உள்ள வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

பின்னால் மேல்பலகை கோணலாக எழும்பியிருந்தது. சன்னாசி குனிந்து முகப்பை எடுத்தான். அது இன்னும் சுட்டது. ரேடியோ மேலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தான். அப்பா படத்தைப் பார்த்தான்.

"அப்பாவுக்கு விளக்கு வச்சியாக்கா?"

ருக்குமணி தலையாட்டினாள். கண் நிரம்பிவிட்டது.

"இதுக்காகத்தான் எந்திரிக்காம இருந்தீங்களா மச்சான்?" சன்னாசி முகப்பை அக்காவிடம் நீட்டினான். "சரி சரி, வெந்நி போடுக்கா. மச்சான் ஒல்லி, அவரு கனத்துக்கு எது நிமிரும்? நான் உக்கார்றேன்."

உட்கார்ந்தான். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. கார்த்திகேசுவும் போய் ஒட்டி உட்கார்ந்தான். ஆறும்வரை அவன் எழவே இல்லை.