நூறு தடவைக்கு மேல் தட்டினால்

"அக்கா, தூங்கிட்டியா?"

"ஆமா."

"நாளைக்கு அப்பா மானம் கப்பலேறப் போகுதுக்கா. ஏத்திவிட்டது நான்தான்."

அக்கா போர்வையை விலக்கினாள். கூடத்தில் அப்பா இன்னும் விழித்திருந்தார். கதவிடுக்கில் அவர் போன் வெளிச்சம் தெரிந்தது. அதனால் எல்லாவற்றையும் அவள் காதுக்குள்ளேயே சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். தெருவின் எதிர்ப்பக்கம் இன்னொருவர் அதே தொழிலைப் புது வண்டிகளோடு நடத்துகிறார். கொஞ்ச நாளாக எங்கள் வெப்சைட்டில் புக்கிங் படுத்துவிட்டது, பக்கமும் அடிக்கடி திணறியது. "எதிர்க்கடைக்காரன் ஆள் வெச்சு அடைக்கிறான்" என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "வேண்டாதவங்கள உள்ள விடாம தடுக்கற ஃபயர்வால் போட்டுடலாம்பா, நானே எழுதறேன்" என்றேன்.

வெப்சைட்டை வைத்திருக்கும் கம்பெனியே அதற்கு ஒரு லைப்ரரி தருகிறது. அவர்கள் எழுதி வைத்த கட்டளைகளை நம் புரோகிராமிலிருந்து கூப்பிட்டால் போதும். ஒரே இன்டர்நெட் அட்ரஸிலிருந்து, அதாவது ஒரே இணைப்பின் எண்ணிலிருந்து, ஐந்து நிமிடத்தில் நூறு தடவைக்கு மேல் தட்டினால் தடு. இதுதான் என் விதி. முதலில் தடுக்காமல் எண்ண மட்டும் சொன்னேன். மறுநாளே ஓர் அட்ரஸ் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"மாட்டிக்கிட்டான்பா!"

அப்பா ஜன்னல் வழியே எதிர்ப்பக்கம் கை நீட்டினார். "அவன்தானே?"

அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "வேற யாரு?" என்று சொல்லித் தொலைத்துவிட்டு, எண்ணுவதைத் தடுப்பதாக மாற்றினேன்.

அன்று சாயங்காலமே அப்பாவின் போனில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. "என் ஸ்கூலுக்குள்ள என்னையே விடமாட்டேங்கறான், கொழுப்பப் பாரு!" என்று குதித்தார். நாளைக் காலை பயிற்சிப் பள்ளிக்காரர்களின் சங்கக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் அந்த அட்ரஸைப் படித்து எதிர்க்கடைக்காரரை நாறடிக்கப் போகிறார்.

"நல்லா வேணும் அந்தாளுக்கு," என்றாள் அக்கா.

"அந்த அட்ரஸ் நம்ம வீட்டுதுக்கா. இப்பதான் பாத்தேன்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "நம்ம வீட்ல யாருடி..." என்று ஆரம்பித்தவள் கதவிடுக்கைப் பார்த்து நிறுத்தினாள்.

"புக்கிங் வந்திருக்கான்னு பக்கத்த இழுத்து இழுத்துப் பாக்கறாருக்கா. ஒரு தடவ இழுத்தா படம், பட்டன், அது இதுன்னு முப்பது தடவ தட்டின கணக்கு."

அக்கா தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். குலுங்கி முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்:

"நாள் முழுக்கவா பாக்கறாரு?"

"ம்."

அக்கா கதவிடுக்கின் வெளிச்சத்தை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"சரி, மொதல்ல அப்பாவ உள்ள விடு. வயித்தெரிச்சல் கொஞ்சம் அடங்கட்டும்."

லேப்டாப்பைப் போர்வைக்குள் இழுத்தேன். 'இந்த அட்ரஸை எப்போதும் விடு' என்ற விதியை லைப்ரரியோடு வந்த மாதிரிப் பட்டியலிலிருந்து அப்படியே முழுசாக எடுத்து ஒட்டி அனுப்பினேன்.

"வந்துடுச்சு!" கூடத்திலிருந்து அப்பாவின் குரல். "பயந்துட்டான் பாரு!"

வெளியாட்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க, அக்கா தன் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் எங்கள் பக்கத்தைத் திறந்தாள். 'அனுமதி இல்லை.'

அனுப்பியதை மறுபடி திறந்து படித்தேன். புது விதியை அனுப்பினால் அது பழையதோடு போய்ச் சேரும் என்று நினைத்திருந்தேன். சேராது. அனுப்புவதுதான் முழுப் பட்டியல், பழையது காலி. அந்த மாதிரியின் கடைசி வரி வேறு, 'மற்ற எல்லாரையும் தடு' என்றிருந்தது.

"அப்ப உலகத்துலயே நம்ம ஸ்கூலுக்கு இப்ப அப்பா மட்டும்தான் கஸ்டமரா?"

"சிரிக்காதக்கா, அழுதுடுவேன்."

பழைய விதியையும் சேர்த்து, கடைசி வரியை 'மற்ற எல்லாரையும் விடு' என்று திருத்தி, மூன்று முறை படித்துவிட்டு அனுப்பினேன். அக்காவின் போனில் பக்கம் திறந்தது.

"இப்ப போய் அப்பாட்ட சொல்லிடு. அந்த அட்ரஸ அங்க எவனாவது தேடிப் பாத்தான்னா அவ்ளோதான்."

"நீயும் வாயேன்."

"நான் தூங்கிட்டேன்."

அப்பா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்த அட்ரஸ் எதிர்க்கடைக்காரரோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

அவர் கையிலிருந்த போனைக் காட்டி, இழுப்பதையும் தட்டுவதையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அவர் போனைப் பார்த்தார். பிறகு தன் பெருவிரலைப் பார்த்தார். கிடைக்கப்போகும் திட்டுக்காக நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

"அப்ப அவன் நம்மள ஒண்ணுமே பண்ணலியா?"

"இல்லப்பா."

"சும்மா ஒரு தொந்தரவுகூட?"

"அந்த அளவுக்கு யாருமே வரலப்பா. நீங்க மட்டும்தான்."

அதுதான் அவருக்கு உறைத்தது. "திமிரு பிடிச்சவன்," என்றார். "எதிர்லயே ஒருத்தன் கடைய வெச்சிருக்கேன், கண்டுக்கவே இல்ல பாரு."

"கூட்டம்?"

"தலைவலின்னு சொல்லிக்கறேன்." கொஞ்சம் தயங்கினார். "அவன் வெப்சைட்டு நல்லாருக்கா?"

பயந்துகொண்டே தலையாட்டினேன்.

"நம்மள விட?"

"கொஞ்சம்."

"கொஞ்சமாம்!" அப்பா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "உக்காரு. அதுல என்னென்ன நல்லாருக்குன்னு காட்டு."